ஆட்டோ இன்கிரிமென்ட் என்றால் எண்ணுவதா? பில் எண் 1044 எங்கே போனது?

நூல்கடை_ஈரோடு:

வணக்கம். ஈரோட்டில் எங்கள் சித்தப்பாவுக்கு வேட்டி, துண்டு மொத்த வியாபாரம். இரண்டு வருடம் முன்னால் நானே பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸும் கற்றுக்கொண்டு கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பில் எண் ஃபீல்டுக்கு ஆட்டோ இன்கிரிமென்ட் போட்டேன். நான் பார்த்துக் கற்ற வீடியோவில் அப்படித்தான் இருந்தது.

போன வாரம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். 1043 இருக்கிறது, 1045 இருக்கிறது, நடுவில் 1044 எங்கே என்று கேட்டார்கள். தேடினேன், டேட்டாபேஸில் பில்கள் சேரும் டேபிளிலேயே இல்லை. யாரோ பில்லை அழித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று சித்தப்பா நினைக்கிறார். அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் கவுண்டரில் உட்காரும் பையனிடம் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குப் பில்லை அழிக்கும் வசதியையே நான் கொடுக்கவில்லை. நான் எழுதிய புரோகிராமால் ஒரு நல்ல பையன் மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதுவரை ஆட்டோ இன்கிரிமென்ட் என்றால் கம்ப்யூட்டர் தானாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போகும் என்றுதான் புரிந்து வைத்திருந்தேன். எண்ணுகிற ஒன்று எப்படி ஓர் எண்ணைத் தாண்டும்? எங்கள் வீட்டில் இன்கிரிமென்ட் என்றால் வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு வருடம் ஒரு முறை சம்பளத்தில் ஏறுவது. அந்தச் சொல் எப்படி இங்கே வந்தது, உண்மையில் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு விளக்க ஒரு தமிழ்ச் சொல்லும் வேண்டும்.

நிரல்_நேசன்:

இது ரோல்பேக், அதாவது பாதியில் நின்ற வேலையை டேட்டாபேஸ் முழுவதுமாகத் திருப்பிவிடுவது. பில் போடும்போது முதலில் பில் வரியை (டேபிளில் ஒரு பதிவு) சேர்த்து, அப்புறம் சரக்கு வரிகளைச் சேர்க்கிறீர்கள். நடுவில் எங்கோ பிழை வந்து எல்லாம் திரும்பிவிட்டது. வரி போய்விட்டது, ஆனால் எடுத்த எண் திரும்பாது. நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒரு டிரான்ஸாக்ஷன் (எல்லாம் சேர்ந்தே முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) தொடங்குங்கள், ஒரு வரி சேருங்கள், ரோல்பேக் கொடுங்கள், மறுபடி சேருங்கள். ஓர் எண் தாண்டியிருக்கும்.

சொல் எங்கிருந்து வந்தது என்றால், பிடிபி-11 என்ற பழைய கம்ப்யூட்டரில் ஆட்டோ இன்கிரிமென்ட் என்று ஒரு வசதி இருந்தது. சி என்ற நிரல்மொழியில் எண்ணை ஒன்று ஏற்றும் ++ குறி அதிலிருந்துதான் வந்தது. டேட்டாபேஸிலும் அதே சொல்தான்.

ட்ரெடில்_மகள்:

தம்பி, முதலில் அந்தப் பையன் விஷயம். மைஎஸ்கியூஎல் 8 என்றால் பைனரி லாக் என்ற மாற்றப் பதிவேடு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். உறுதியான மாற்றங்கள் மட்டும்தான் அதில் பதிவாகும். ரோல்பேக் ஆனது பதிவாகாது. பில்லை யாராவது உண்மையிலேயே அழித்திருந்தால், 1044 சேர்ந்ததும் அழிந்ததும் இரண்டுமே அதில் இருக்கும். சேர்ந்த தடமும் இல்லை, அழித்த தடமும் இல்லை என்றால் அப்படி ஒரு பில் பிறக்கவே இல்லை. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த லாக் 30 நாள் வரைதான் இருக்கும். இன்றைக்கே நகல் எடுத்து வைத்துவிடு. மீதியை அப்புறம் படி.

சரி, சொல்லுக்கு வருவோம். நான் 19 வருடமாக டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறேன். ஆனால் ஆட்டோ இன்கிரிமென்ட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பாவின் பிரஸ். திருமங்கலத்தில் ஒரு ட்ரெடில் மெஷின் வைத்திருந்தார். பில் புக், ரசீது புக், கோயில் நன்கொடைச் சீட்டு, இவைதான் வேலை. எண் அடிப்பதற்கு நம்பரிங் மெஷின் என்று ஒன்று உண்டு. கைக்குள் அடங்கும் எஃகுப் பெட்டி. அதை எழுத்துகளோடு சேர்த்துச் சட்டத்தில் முடுக்கிவிடுவார். பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. பக்கத்தில் ‘நெ.’ என்பதற்கான ஆங்கில எழுத்து கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். மெஷின் வாய் மூடித் தாளை அழுத்தும்போது அந்த எழுத்து உள்ளே போகும். அது போய் வருவதற்குள் கடைசிச் சக்கரம் ஓர் இலக்கம் நகர்ந்துவிடும். 9 தாண்டினால் பக்கத்துச் சக்கரத்தையும் ஒன்று இழுத்துக்கொண்டு போகும். யாரும் தொட வேண்டாம்.

அந்தப் பெட்டி தாளை எண்ணவில்லை என்பதுதான் விஷயம். அது எண்ணியது அழுத்தத்தை. தாள் வைக்கக் கை தவறினாலும் மெஷின் மூடினால் எண் நகரும். தாள் கோணலாகப் போய்க் கிழிந்தாலும் நகரும். மை திட்டாக விழுந்து எண்ணே தெரியாவிட்டாலும் நகரும். அதனால் அப்பா ஒரு துண்டுச் சீட்டைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்திருப்பார். கெட்டுப்போன எண்ணையெல்லாம் அதில் பென்சிலால் குறிப்பார். 500 தாள் ஓடி முடிந்ததும் மெஷினை நிறுத்தி, ஒரு கம்பி ஊசியால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, சீட்டில் இருக்கும் எண்ணுக்குக் கொண்டுவந்து, அந்தத் தாளை மட்டும் தனியாக அடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தச் சீட்டை வாசித்துச் சொல்வது என் வேலை. “37… 112… 260…” என்று நான் சொல்ல, அவர் ஊசியால் தள்ளுவார். விடுபடாத வரிசை அந்தப் பெட்டியிலிருந்து வரவில்லை தம்பி, ஆணியில் தொங்கிய சீட்டிலிருந்துதான் வந்தது.

உன் டேபிளில் நடந்ததும் அதேதான். எண் கேட்ட உடனே கொடுத்துவிட்டது, கொடுத்ததும் நகர்ந்துவிட்டது. அந்தப் பில் பிழைத்ததா என்று அது திரும்பிப் பார்க்காது.

ஏன் எண்ணைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடாது என்று கேட்பாய். இரண்டு கவுண்டர் இருப்பதாக வைத்துக்கொள். முதல் கவுண்டர் 1044-ஐ எடுத்துக்கொண்டு பாதியில் நிற்கிறது. இரண்டாவது கவுண்டர் 1045-ஐ எடுத்து, பில் அடித்து, வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. அதன் பிறகு முதல் கவுண்டரில் பிழை வருகிறது. இப்போது தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு எண்ணை மாற்றவா முடியும்? இடைவெளி கூடாது என்றால் முதல் கவுண்டர் முடிக்கும் வரை இரண்டாவது கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டேபிளில் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான வரிகள் சேரும் இடத்தில் அது ஆகாது. அதனால் டேட்டாபேஸ் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுக்கிறது: இந்த எண் இன்னொருவருக்குப் போகாது. வரிசை விடுபடாது என்று அது சொல்லவே இல்லை.

மற்ற டேட்டாபேஸ்காரர்கள் வைத்த பெயரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எஸ்கியூஎல் சர்வரில் இதற்கு ஐடென்டிட்டி என்று பெயர், அதாவது அடையாளம். ஆரக்கிளில் சீக்வென்ஸ். போஸ்ட்கிரஸில் சீரியல். ஆக்சஸில் ஆரம்பத்தில் கவுண்டர் என்று இருந்தது, ஆக்சஸ் 95-இல் ஆட்டோநம்பர் ஆக்கினார்கள். அந்தப் பழைய பெயர் போனது நல்லதுதான் என்பேன். எண்ணி என்று பெயர் வைத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும் என்று நம்பத்தானே தோன்றும்?

இன்கிரிமென்ட் என்ற சொல்லிலும் எண்ணுதல் இல்லை. லத்தீனில் ‘க்ரெஸ்கெரே’ என்றால் வளர்தல். ‘இன்கிரெமென்டும்’ என்றால் வளர்ந்த அளவு. பிறைநிலாவை ஆங்கிலத்தில் கிரசென்ட் என்பதும் இதே வேர்தான், வளரும் நிலா. டிகிரிமென்ட் என்றால் தேய்தல். நம் வளர்பிறை, தேய்பிறை அப்படியே அங்கே இருக்கிறது. உன் அப்பாவின் சம்பளம் வளர்ந்ததும், உன் பில் எண் வளர்வதும் ஒரே சொல். எவ்வளவு வளரும் என்பது சொல்லில் இல்லை. மைஎஸ்கியூஎல்லில் இரண்டு சர்வர் வைத்து ஒன்று 1, 3, 5 என்றும் மற்றது 2, 4, 6 என்றும் கொடுக்கும்படி அமைக்கலாம். அதுவும் ஆட்டோ இன்கிரிமென்ட்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு காயம் உண்டு. மைஎஸ்கியூஎல் 8-க்கு முன்னால், அதற்குள் டேபிள்களைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி அந்த அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருந்தது. சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பினால், டேபிளில் இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அங்கிருந்து தொடங்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பழைய பதிவுகளை வேறு டேபிளுக்கு மாற்றிவிட்டு, கடைசி வரிகளை இங்கே அழித்தோம். அன்று இரவே சர்வர் நின்று எழுந்தது. காலையில் புதிய ஆட்களுக்குப் பழைய எண்கள் போயின. புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாவின் பக்கத்தைத் திறந்தால் வேறு யாருடைய ஸ்கேன் காகிதங்களோ வந்தன. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 2018-இல் 8.0 வந்த பிறகு அந்த எண்ணை வட்டிலும் எழுதி வைக்கிறார்கள். உன் கடையில் எந்த வெர்ஷன் என்று பார்த்துக்கொள்.

தமிழ்ச் சொல்லுக்கு, தமிழ்வழிக் கணினிப் பாடங்களில் ++ குறியை மிகுப்பு என்பார்கள், -- குறியைக் குறைப்பு என்பார்கள். பாடத்துக்கு அது சரி. உன் சித்தப்பாவிடம் ‘தானாக ஏறும் எண்’ என்று சொல். சம்பளமும் ஏறும், விலையும் ஏறும், எண்ணும் ஏறும். எண்ணும் எண் என்று மட்டும் சொல்லிவிடாதே.

பழைய_அசெம்ப்ளர்:

ட்ரெடில்_மகள் அம்மா சொன்ன அச்சுப் பெட்டியைப் படித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. 1980-களில் ஓர் ஆய்வகத்தில் பிடிபி-11 மேல் வேலை பார்த்தவன் நான். நிரல்_நேசன் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம்.

++ பிடிபி-11-இலிருந்து வந்தது என்று அந்தக் காலத்தில் நாங்களும்தான் நம்பினோம். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே 1993-இல் அந்த மொழியின் வரலாற்றை எழுதியபோது அதை மறுத்திருக்கிறார். கென் தாம்சன் பெல் ஆய்வகத்தில் சி-க்கு முன்னோடியான பி மொழியை உருவாக்கியபோதே ++ வந்துவிட்டது, அப்போது பிடிபி-11 பிறக்கவே இல்லை. பிடிபி-11 வந்தது 1970-இல். தாம்சன் கையில் இருந்தது பிடிபி-7. அதில் சில நினைவக இடங்களுக்கு ஒரு தனிக் குணம் இருந்தது: அவற்றின் வழியாக வேறோர் இடத்தை எட்டினால், எட்டும்போதே அந்த இடத்தில் இருக்கும் எண் ஒன்று ஏறிவிடும். அதைப் பார்த்துத்தான் தாம்சனுக்கு யோசனை தோன்றியிருக்கலாம் என்பது ரிச்சியின் ஊகம். அதைவிடப் பெரிய காரணமாக அவர் நினைப்பது, ++எக்ஸ் என்று எழுதினால் எக்ஸ் = எக்ஸ் + 1 என்பதைவிடச் சின்ன நிரலாக முடிந்தது என்பது. முன்னால் போடலாம், பின்னாலும் போடலாம் என்று விரித்தது தாம்சனின் சொந்த யோசனை.

1965-இல் வந்த பிடிபி-8-இலும் அந்தக் குணம் உண்டு. எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ம முறையில் 10 முதல் 17 வரை, மொத்தம் எட்டு இடங்கள்.

பிடிபி-11-இல் அது எல்லாப் பதிவகத்துக்கும் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) வந்துவிட்டது. பதிவகத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பின்னால் ஒரு + போடுவோம், (ஆர்1)+ என்று. அந்த முகவரியில் இருப்பதை எடு, எடுத்த பிறகு முகவரியை ஏற்று என்று பொருள். -(ஆர்1) என்றால் முதலில் இறக்கு, அப்புறம் எடு. இந்த இரண்டையும் வைத்தே அடுக்கு (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதி) முழுவதும் ஓடும்: இறக்கிக்கொண்டு வை, எடுத்துவிட்டு ஏற்று. புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருந்தது. ஒற்றை பைட்டை எடுக்கும் கட்டளை என்றால் 1 ஏறும், முழுச் சொல்லை எடுத்தால் 2 ஏறும், ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் சொல் என்ற நினைவக அலகு இரண்டு பைட். நானே ஒரு பட்டியலைப் பைட் கட்டளையால் படித்துவிட்டு, ஏன் பாதியிலேயே நிற்கிறது என்று ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆக அங்கேயும் அது எண்ணவில்லை. வாசிக்கிற குழந்தை விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்துமே, அந்த வேலை. ஆட்டோ என்றது எதற்கென்றால், நகர்த்துவதற்குத் தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டாம்.

நிரல்_நேசன்:

நன்றி ஐயா. நான் கல்லூரியில் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

நூல்கடை_ஈரோடு:

அக்கா, நீங்கள் சொன்னபடி முதலில் லாக்கை நகல் எடுத்தேன். 1043 சேர்ந்தது இருக்கிறது, அடுத்து 1045 சேர்ந்தது இருக்கிறது. 1044 சேரவும் இல்லை, பில் டேபிளில் எந்த வரியும் அழிக்கப்படவும் இல்லை. பிஎச்பி பிழை லாக்கையும் திறந்தேன். அன்று சாயங்காலம் 6:12-க்கு ஒரு பிழை. 40 வேட்டி பில் போட்டிருக்கிறான், ஸ்டாக்கில் 36 தான் இருந்தது. ஸ்டாக் மைனஸுக்குப் போகக்கூடாது என்று நான்தான் கட்டுப்பாடு வைத்திருந்தேன். அது தடுத்து எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. 6:14-க்கு 36 என்று திருத்தி மறுபடி போட்டிருக்கிறான், அது 1045. ஒரே வாடிக்கையாளர்தான்.

சித்தப்பாவைத் திரை முன்னால் உட்கார வைத்துக் காட்டினேன். தானாக ஏறும் எண் என்றதும் புரிந்துகொண்டார். அவரும் அந்தக் காலத்தில் சிவகாசியில் பில் புக் அடித்து வாங்கியவர்தான். இப்போது பில் எண்ணை எப்படி அமைப்பது? செலக்ட் மேக்ஸ் போட்டு, அதாவது இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து, ஒன்றைக் கூட்டலாமா?

ட்ரெடில்_மகள்:

கூட்டாதே. இரண்டு கவுண்டர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே எண் கிடைக்கும்.

ஆட்டோ இன்கிரிமென்ட் ஃபீல்டு அப்படியே உள்ளே இருக்கட்டும். அது வரியின் அடையாளம், அச்சில் வர வேண்டாம். பில் எண்ணுக்கு வேறு ஃபீல்டு வை, ஒரே எண் இரண்டு முறை வராதபடி அதற்கு யுனிக் கட்டுப்பாடு போடு. அப்புறம் ‘பில் தொடர்’ என்று ஒரு சின்ன டேபிள்: நிதியாண்டு, கடைசி எண். இவ்வளவுதான். பில் வரி, சரக்கு வரி, ஸ்டாக் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, அதே டிரான்ஸாக்ஷனுக்குள், கடைசியாக அந்த வரியை ஃபார் அப்டேட் என்று பூட்டி எடு, ஒன்று ஏற்று, பில்லில் எழுது, கமிட் கொடுத்து உறுதிசெய். பிழை வந்தால் எண்ணும் சேர்ந்தே திரும்பிவிடும். அடுத்த கவுண்டர் அந்தக் கண நேரம் காத்திருக்கும். உன் கடைக்கு அது தெரியவே தெரியாது. இதுதான் அப்பா ஆணியில் குத்திய சீட்டு.

ஜிஎஸ்டி விதி 46 கேட்பதும் இதைத்தான்: எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு போடலாம். போட்ட பில் ரத்தானால் டேபிளில் இருக்கும் வரியை அழிக்காதே, ‘ரத்து’ என்று குறி மட்டும் போடு. ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் 13-ஆம் அட்டவணை எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அதில் எத்தனை ரத்து என்று கேட்கும். 1044-க்கு அந்த இரண்டு லாக் பக்கத்தையும் அச்செடுத்து ஆடிட்டரிடம் கொடு, எப்படிக் காட்டுவது என்று அவர் சொல்வார்.

அந்தப் பையனிடம் சித்தப்பா பேசினாரா?

நூல்கடை_ஈரோடு:

பேசினார் அக்கா. நான் திரையைக் காட்டி முடித்ததும் அவனைக் கூப்பிட்டு, “அன்னிக்கு ஆறே காலுக்கு வந்த 40 வேட்டி பார்ட்டி யாருடா?” என்று கேட்டார். அவன் பெயரோடு சொன்னான், மீதி 4 வேட்டியை மறுநாள் லாரியில் போட்டு அனுப்பியதையும் சொன்னான். 1052-ஆம் பில்லில் அந்த 4 வேட்டி இருக்கிறது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தார்.

பில் தொடர் டேபிளை இன்று இரவு போட்டுவிடுகிறேன். ஏப்ரல் 1-இலிருந்து புதுத் தொடர்.